வாசலில் வேப்பிலை, தபாலில் நோய்ச் செய்தி

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியைப் பட்டுக்காகவும் அரிசிக்காகவும் தமிழ்நாடு அறியும். கோட்டைக்காகவும் 1751-லும் 1782-லும் நடந்த போர்களுக்காகவும் வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. நோய்த்தடுப்பின் வரலாற்றிலும் இந்த ஊர் சார்ந்திருந்த மாவட்டத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1989-இல் பிரிக்கப்படும் வரை ஆரணி, வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரியம்மையை விரட்டக் கைகொடுத்த ஓர் எளிய உண்மையை அந்த மாவட்டம் பிற்காலத்தில் தன் போக்கில் நிரூபித்துக் காட்டியது. மருந்தும் ஊசியும் வேலை செய்ய வேண்டுமானால், எந்த வீட்டில் நோய் வந்திருக்கிறது என்ற செய்தி முதலில் வந்து சேர வேண்டும். அந்தச் செய்தியைச் சொன்னவருக்கு அதனால் கெடுதல் வராமல், நன்மை வந்தால்தான் அவர் அடுத்த முறையும் சொல்வார். ஆரணியில் தொடங்கிப் பார்த்தால் இந்த உண்மையின் இரு பாதியும் தெளிவாகத் தெரிகின்றன.

ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது. தீயில் பாய்ந்த ரேணுகாதேவியை மழை காப்பாற்றியது, உடலெல்லாம் கொப்புளங்களோடு எழுந்தவள் வேப்பிலையை ஆடையாக உடுத்திக்கொண்டாள், அவளே மாரியம்மன் ஆனாள் என்று தமிழ்நாட்டில் வழங்கும் கதை அம்மை நோயின் கதையும்தான். இன்றும் ஆடி மாதத்தில் அங்கே வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் தீர்ப்பவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு முத்து போட்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். தாளிப்பு நின்றுவிடும். வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை இந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். வேப்பிலை பெரியம்மையைக் குணப்படுத்தியதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்ட தாயையும் உடன்பிறந்தவர்களையும் இந்தக் கட்டுப்பாடு காப்பாற்றவும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கம் ஒன்றை ஒழுங்காகச் செய்தது. இந்த வீட்டில் நோய் இருக்கிறது என்பதைத் தெருவுக்கே அது வெளிப்படையாக அறிவித்தது. அந்த அறிவிப்பை யாரும் அவமானமாக எண்ணவில்லை, ஏனெனில் வந்திருப்பவள் அம்மன்.

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜா பகுதியில் பெரியம்மை தோன்றியபோது, வில்லியம் ஃபேகி என்ற மருத்துவரிடம் எல்லோருக்கும் குத்தும் அளவுக்குத் தடுப்பு மருந்து இல்லை. மிஷன் நிலையங்களில் இருந்தவர்கள் மாலை நேரத்தில் வானொலிக் கருவி வழியே பேசிக்கொள்வது வழக்கம். அவர்களிடம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஆள் அனுப்பி, எங்கெங்கே நோய் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். செய்தி வந்த இடங்களில் நோயாளியின் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முதலில் அம்மை குத்தினார்கள். மக்களில் பாதிப் பேருக்குக்கூட குத்தாத நிலையிலேயே சில மாதங்களில் அப்பகுதியில் பரவல் நின்றது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் கடைசிப் பெரியம்மை நோயாளிகள் 1970 மே மாதத்தில் நைஜீரியாவில் காணப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்து ஆராய்ந்த டாக்டர் ஏ.ஆர்.ராவும் இதற்கு ஒத்த முடிவுக்கு வந்திருந்தார். பெரியம்மை காட்டுத்தீயாகப் பரவுவதில்லை, பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்ளும் நெருங்கிப் பழகுபவர்களிடையேயும்தான் தொற்றுகிறது என்பதை அவர் கண்டிருந்தார். நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றி வேலி கட்டும் முறையை இந்தியாவில் முதலில் கையாண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1974-இல் பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் உலுக்கிய பெரும் பரவலில் இந்தியாவில் 1,80,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, தமிழ்நாடு சில ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கவலையிலிருந்து விடுபட்டிருந்தது.

பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதானே, செய்திக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்கலாம். தடுப்பூசி இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதே ஊசி 1802 முதல் இந்தியாவில் இருந்தது. 1962-இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் எல்லோருக்கும் குத்துவதையே இலக்காகக் கொண்டு கோடிக்கணக்கில் குத்தியது. எண்ணிக்கை ஏறியதே தவிர நோய் முழுதாகப் போகவில்லை. ஊசி போய்ச் சேராதவர்கள் பெரும்பாலும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளே. நோயும் அவர்களிடையேதான் தங்கியிருந்தது. தேடலும் செய்தியும் முதன்மை பெற்ற பிறகே நோயின் வேர் அறுந்தது. மாரியம்மன் நம்பிக்கைதானே மக்களை ஊசிக்கு எதிராக நிறுத்தியது என்பது இன்னொரு கேள்வி. அம்மனின் கோபத்துக்கு அஞ்சி ஊசியை மறுத்தவர்கள் இருந்தார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நோயாளியையே ஒளித்து வைத்ததற்கு நம்பிக்கை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வாசலில் வேப்பிலை செருகி அம்மன் வருகையை ஊரறியச் சொல்பவர் அதிகாரியிடம் மட்டும் அதை மறைத்தால், அதிகாரி வந்தபின் என்ன நடக்கும் என்ற அச்சமே அவரைத் தடுத்திருக்க வேண்டும். குழந்தையை எடுத்துப் போய்த் தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள் என்பதுதான் அந்த அச்சம்.

நெசவாளர் வீட்டில் இந்த அச்சத்தோடு வயிற்றுக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஆரணியில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்துவந்தது. பாவும் ஊடையும் கிடக்கும் அதே கூடத்தில் சமையல், படுக்கை, குழந்தைகள் எல்லாம். கணவன் குழியில் இறங்கி நெய்ய, மனைவி இழை சுற்ற, பிள்ளைகள் கைவேலைக்கு உதவ, குடும்பமே சேர்ந்து ஒரு சேலையை முடிக்கும். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை, முன்பணம் அவரிடம் வாங்கியது, சேலையை இறக்கிக் கொடுத்தால்தான் கூலி. ஒருவர் படுத்தால் தறி நிற்கும். வீட்டில் தொற்றுநோய் என்று வெளியே தெரிந்தால், நெய்த சேலையை வாங்கவே முதலாளி யோசிக்கலாம். இருமலையோ காய்ச்சலையோ வெளியே சொல்வதற்கு இந்த வீட்டார் தயங்குவதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் போடும் கணக்கு அறிவாளியின் கணக்குதான். சொன்னால் கூலி போகும், சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். இந்தக் கணக்கை மாற்றாமல் விழிப்புணர்வு மட்டும் பேசுபவர்கள், பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

சட்டமும் தனியாக நின்றால் இந்தக் கணக்கை மாற்றாது. இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் வந்தது. குறிப்பிட்ட தொற்றுநோய்களைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. கட்டளை இருந்தும் மருத்துவர்களிடமிருந்து செய்தி சரியாக வந்து சேரவில்லை. தனியார் மருத்துவர் வேலை மெனக்கெட்டு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், அது எங்கே போகிறது, என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி.ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். வட ஆர்க்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, அரசு மருத்துவர்களுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் அச்சிட்ட தபால் அட்டைகளைக் கொடுத்தார்கள். நோயைக் கண்டவுடன் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டால் போதும். வந்த செய்தியை வைத்துச் சுகாதாரத் துறையினர் நடவடிக்கை எடுத்தார்கள். மாவட்டத்தில் எங்கே என்ன நோய் என்று தொகுத்த இதழ், அட்டை அனுப்பிய மருத்துவர்களுக்கே மாதந்தோறும் திரும்பிச் சென்றது. இதே மாவட்டத்தில்தான், வேலூரில், 1955-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் கொசு நெல்வயல் நீரில் பெருகுவது. ஆரணி போன்ற நெல் விளையும் வட்டாரத்துக்கு, எந்தப் பக்கம் மூளைக்காய்ச்சல் தலைகாட்டுகிறது என்ற செய்தி உயிர்ச் செய்தி.

வேலூரில் பெரிய மருத்துவமனை இருந்ததால் இது முடிந்தது, வேறு ஊரில் நடக்குமா என்று கேட்பது நியாயமே. கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் 1999-இல் இதே முறையை எடுத்துக்கொண்டு நடத்திக் காட்டியது. அட்டை, தபால், பதில் இதழ் ஆகிய மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை. திரும்பப் பதில் சொல்லும் ஒழுக்கம்தான் அபூர்வமானது. சொன்னவருக்குப் பலன் திரும்பி வர வேண்டும் என்பதைக் காசநோயிலும் காணலாம். 2012-இல் இந்திய அரசு காசநோயைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. பதிவான நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-இல் வந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நோயைச் சொன்னவருக்குத் தண்டனைக்குப் பதில் உதவி கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. தறி நிற்கும் நாட்களின் கூலிக்கு அந்தத் தொகை போதாது. ஆனாலும் திசை சரியானது.

செய்தி சேகரிப்பது கண்காணிப்பாக மாறி மக்களை நெருக்கும் என்ற அச்சமே எல்லா எதிர்ப்பிலும் வலிமையானது. 2020-இல் கொரோனா காலத்தில் சென்னையில் நோயாளிகளின் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். வேப்பிலையும் தகரமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. முன்னதை வீட்டாரே கட்டுகிறார்கள், தெரு அவர்களிடம் பரிவு காட்டுகிறது. பின்னதை வெளியாட்கள் அடிக்கிறார்கள், தெரு அவர்களிடமிருந்து விலகுகிறது. தகரம் அடிக்கும் ஊரில் அடுத்த நோயாளி பரிசோதனைக்குப் போகத் தயங்குவார். 2014 முதல் 2016 வரை எபோலா கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, ஊரைச் சுற்றிப் படை நிறுத்திய இடங்களில் நோயாளிகள் ஒளிந்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டும் சடங்குக்கு மரியாதையான மாற்று வழி காட்டப்பட்ட இடங்களில் மக்கள் ஒத்துழைத்தார்கள். நைஜீரியாவில் போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே அமைத்திருந்த குழுக்கள் வீடு வீடாகப் போய்த் தொடர்பில் இருந்தவர்களை அன்றாடம் விசாரித்தன. அங்கே நோய் 20 பேரோடும் 8 மரணங்களோடும் நின்றது. ஒகோஜாவில் 1966-இல் கற்ற பாடம் அதே நாட்டின் லாகோஸ் நகரில் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பலித்தது. ஆரணிக்கும் இதுவே பொருந்தும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் நகராட்சியும் அரசு மருத்துவமனையும் சேர்ந்து, நோயைச் சொன்ன வீட்டுக்கு நின்றுபோன தறியின் கூலியை ஈடுசெய்ய ஒரு வழி கண்டால், எந்த நோயும் தெருவுக்குள் ஒளிந்து வளர இடமிருக்காது. அந்த ஏற்பாட்டைக் கேட்பது தயவைக் கேட்பதாகாது, ஊரின் பாதுகாப்புக்கு ஆகும் செலவை நோயாளி ஒருவரே சுமக்கக் கூடாது என்று கேட்பதாகும்.