குடும்ப மருத்துவர்களின் மருத்துவமனைப் பணியுரிமை (ஐக்கிய அமெரிக்கா)

மருத்துவமனைப் பணியுரிமை என்பது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை அனுமதிக்கவும் குறிப்பிட்ட சிகிச்சைகளை அளிக்கவும் மருத்துவர் ஒருவருக்கு அம்மருத்துவமனை வழங்கும் அனுமதி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மாநில உரிமம் பெற்ற குடும்ப மருத்துவர், மருத்துவமனையில் பணியாற்றுவதற்கு மற்றொரு சிறப்புப் பட்டம் பெறவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆயினும் உரிமம் மட்டும் போதாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தகுதிகளைத் தனியே சரிபார்த்த பின்னரே பணியுரிமை வழங்குகின்றது.

பயிற்சி

குடும்ப மருத்துவம் 1969 இல் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. இதற்கான மூன்றாண்டுப் பயிற்சியில் பெரியவர்கள், குழந்தைகள், மகப்பேற்றுத் தாய்மார் ஆகியோரின் உள்நோயாளர் கவனிப்பும் அடங்கும்.

வழங்கும் முறை

விண்ணப்பிப்பவரின் கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றை மருத்துவர் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, ஆட்சிக்குழு முடிவு செய்யும். 1990 இல் செயற்படத் தொடங்கிய தேசிய மருத்துவர் தரவு வங்கியில் அவர்மீது இழப்பீடோ ஒழுங்கு நடவடிக்கையோ பதிவாகியுள்ளதா என்பதையும் மருத்துவமனை பார்த்தல் கட்டாயமாகும். பணியுரிமை சிகிச்சைவாரியாக வழங்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, இயல்பான பிரசவம் பார்க்க அனுமதி பெற்றவருக்கு அறுவைப் பிரசவம் செய்ய அனுமதி இல்லாதிருக்கலாம். சிறப்புத்துறை வாரியச் சான்றிதழை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு பணியுரிமையை முடிவு செய்யக்கூடாது என்பது மெடிக்கேர் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகளுக்கான விதியாகும்.

டார்லிங் வழக்கு

1960 இல் இல்லினாய் மாநிலத்தில் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின்போது 18 வயது மாணவர் ஒருவரின் கால் முறிந்தது. சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனையில் பொது மருத்துவர் ஒருவர் மாவுக்கட்டு இட்டார். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால்விரல்கள் வீங்கிக் கருத்தன. இறுதியில், வேறொரு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. சிறப்பு மருத்துவரின் ஆலோசனையைப் பெறச் செய்யாததற்காக மருத்துவமனையும் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1965 இல் உறுதி செய்தது. மருத்துவர்களின் தகுதியைக் கவனமாக ஆராயும் பொறுப்பு மருத்துவமனைகளுக்கு உண்டு என்ற கருத்து வலுப்பெற இவ்வழக்கு முக்கிய காரணமாயிற்று.

கூடுதல் சான்று

உள்நோயாளர்களை மட்டும் கவனிக்கும் மருத்துவரைக் குறிக்க "ஹாஸ்பிட்டலிஸ்ட்" என்ற சொல்லை ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் ஆகியோர் 1996 இல் அறிமுகப்படுத்தினர். இப்பணியில் உள்ளோரில் பெரும்பாலோர் பொது உள்மருத்துவத் துறையினர். சில மருத்துவமனைகள் அவர்களையே விரும்புகின்றன. மருத்துவமனைப் பணியில் ஈடுபட்டுள்ள குடும்ப மருத்துவர்கள் அனுபவத்தையும் தேர்வையும் கொண்டு பெறக்கூடிய தனிச் சான்று 2010 இல் தொடங்கப்பட்டது. இது கட்டாயமன்று.

கிராமப்புறங்கள்

சிறப்பு மருத்துவர்கள் குறைவாக உள்ள கிராமப்புற மருத்துவமனைகள் பல, குடும்ப மருத்துவர்களையே நம்பியுள்ளன. அங்கு தகுதி வரம்பைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் நோயாளிகள் தொலைதூரம் செல்ல நேரிடும். தளர்த்தினால் அவர்களது பாதுகாப்புக் குறையும்.