மேகமற்ற வானின் எதிரொலி

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நம் முதுமொழி. அக்காற்று மேற்கிலிருந்து வீசுவது. ஆயினும் அதே ஆடியில், தென்னிந்தியாவின்மீது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், மற்றொரு காற்று கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்துடன் ஓடுகின்றது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் 1958-இல் இதனை விளக்கி எழுதினார். பருவமழையின் இயல்பை உணர, கண்ணுக்கு எட்டாத இம்மேற்காற்றையும் அளந்தாக வேண்டும்.

அளப்பது எங்ஙனம்? முன்னாளில் சிறு பலூனைப் பறக்கவிட்டுத் தியோடலைட் கருவியால் அதனைத் தொடர்ந்து நோக்கினர். பலூன் மேகத்துள் புகுந்ததும் அளவை நின்றுவிடும். மிகவும் வேண்டிய மழைக்காலத்திலேயே இத்தடை மிகுதி. பின்னர் வந்த ரேடியோக் கருவி சுமந்த பலூன்கள் இக்குறையைத் தீர்த்தன. எனினும் அவை நாளொன்றுக்கு ஓரிரு முறையே ஏறுவன. ஏறும்போதே காற்றோடு விலகிச் செல்வன.

இதற்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், விமானமும் மேகமும் இல்லாத வானிலிருந்து ராடார் திரைகளில் எதிரொலிகள் தோன்றின. அவற்றைத் 'தேவதூதர்கள்' என்றே அழைத்தனர். சிலவற்றுக்குப் பறவையும் பூச்சியும் காரணம். ஏனையவை தெளிந்த காற்றின் கொந்தளிப்பால் எழுந்தவை என்பது 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நடந்த ஆராய்ச்சியால் விளங்கிற்று. பெரு நாட்டில் லிமா நகருக்கு அருகிலுள்ள ஹிகாமார்க்கா நிலையம் அயனமண்டல ஆராய்ச்சிக்கென அமைந்தது. அங்கே ஊட்மன், கியேன் என்னும் விஞ்ஞானிகள், அம்மண்டலத்துக்குக் கீழிருந்து வந்த நலிந்த எதிரொலிகளைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணித்து, 1974-இல் வெளியிட்டனர்.

இதன் நுட்பம் எளியதே. வெப்பமும் ஈரமும் இடத்துக்கிடம் சற்றே மாறுபடுவதால், காற்று ரேடியோ அலையின் மிகச் சிறு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. அலை திரும்பும் நேரம் உயரத்தை உணர்த்தும். நெருங்கும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகும் ரயிலின் ஊதல் தணிந்தும் கேட்குமன்றோ? அதுபோல அலையின் அதிர்வெண் மாற்றம் காற்றின் ஓட்டத்தை உணர்த்தும். அலைக்கற்றையைச் செங்குத்தாகவும் வெவ்வேறு திசைகளில் சாய்த்தும் செலுத்தினால், காற்றின் திசையும் வேகமும் கிட்டும்.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1990-களின் தொடக்கத்தில் இத்தகைய ராடார் எழுந்தது. பக்கம் சுமார் 130 மீட்டர் உள்ள சதுரத்தில் 1024 ஆன்டெனாக்கள் அணிவகுத்தன. வானை மேகம் மூடினும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றின் அடுக்குகளை அளக்க அது வல்லதாயிற்று. கோட்டேஸ்வரம் விளக்கிய கீழைக்காற்று வலுப்பதும் தளர்வதும் அங்கே பதிவாயின.

ஒரு ராடார் ஓரிடத்துக்கு மேலுள்ள காற்றையே அறியும். ஆதலின் பலூனின் பணி இன்றும் ஓய்ந்திலது. எனினும், போர்வீரரைத் திகைக்கச் செய்த எதிரொலியே உழவர் காத்திருக்கும் மழையின் ஆராய்ச்சிக்குத் துணையாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.