எலும்பை ஈனும் எலும்பு

1889-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் நிக்கலஸ் சென், மாட்டெலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்தை நீக்கினார். சீழ் பிடியாதிருக்க அயடோபாரம் சேர்த்து, நோயாளரின் எலும்புக் குழிகளை அதனால் நிரப்பினார். அவ்வமிலக் குளியலின் அருமை 1965-இல்தான் நன்கு விளங்கிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அறிஞர், சுண்ணம் நீக்கிய எலும்பை முயல், எலி ஆகியவற்றின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றிற்று! அதைத் தூண்டுவது ஒருவகைப் புரதம் என்று பின்னர்த் தெளிந்தனர்.

புரதமோ கடுவெப்பத்திற்கு ஆற்றாது. கொதிநீராவியில் வைத்த எலும்பில் கிருமி மடியும். உடன் அத்தூண்டலும் மடியும். எஞ்சுவது வெறும் முட்டுக்கட்டையே எனலாம். எதிலீன் ஆக்சைடு வாயுவும் அவ்வாற்றலைக் குன்றச் செய்வதுண்டு. ஆதலால் திசு வங்கிகள் பல 25 கிலோகிரே அளவில் காமாக் கதிரைச் செலுத்துகின்றன. அளவு மிகுந்தால் அதுவும் கேடே. எலும்பை உறைகுளிரில் வைத்துச் செலுத்தின் சேதம் குறையும்.