நம் ஊருக்குக் காப்பீட்டு அட்டை வந்த வரலாறு

நம் நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் குடும்ப அட்டை இருக்கும் பிளாஸ்டிக் கவரைத் திறந்தால் உள்ளே இன்னும் நாலைந்து அட்டைகள் இருக்கும். காலாவதியான அட்டையைக்கூட யாரும் தூக்கிப் போடுவதில்லை. "இருக்கட்டும், எதுக்காவது கேப்பாங்க" என்று வைத்துக்கொள்வார்கள். நெசவாளர் காப்பீட்டு அட்டை, கலைஞர் காப்பீட்டு அட்டை, அதற்கு அடுத்து வந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆயுஷ்மான் பாரத் பெயரும் சேர்ந்த அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக. விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னால் கோயில், தறி, பள்ளிக்கூடம், எல்லைப் போராட்டம் என்று எழுதுவதே வழக்கம். அவற்றை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். இந்த அட்டைகளை வரிசைப்படுத்தி எழுதி வைக்க ஆள் இல்லை என்பதால் நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் அட்டையே இல்லாத காலத்தைச் சொல்ல வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, 1948-இலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஆலையின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கானது. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவருக்கு முதலாளி யார்? நூல் கொடுக்கிறவரா, கூட்டுறவு சங்கமா, தறிக்குச் சொந்தக்காரரான அவரேதானா? பங்குத்தொகை பிடித்துக் கட்ட ஒரு முதலாளி இல்லாததால் அந்தச் சட்டம் நம் தெருக்களுக்குள் நுழையவில்லை. நோய் வந்தால் திருத்தணி அரசு மருத்துவமனை, முற்றினால் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்கே ஆகாதென்றால் நகையை அடகு வைப்பது; நகையும் இல்லாதவர் நூல் கொடுப்பவரிடம் முன்பணம் வாங்குவது. முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வேறிடத்துக்கு நெய்யப் போக முடியாது. ஒரு பிரசவமோ குடல்வால் அறுவையோ ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது இப்படித்தான்.

நம் பகுதிக்கு முதலில் வந்தது கைத்தறி நெசவாளர் உடல்நலக் காப்பீடு. மத்திய அரசின் கைத்தறித் துறை, ஐ.சி.ஐ.சி.ஐ. லம்பார்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2005-06-இல் அதைத் தொடங்கியது. நெசவாளர், துணைவர், இரண்டு பிள்ளைகள் என நால்வர் அடங்கிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்றது. வருமானத்தில் பாதியாவது கைத்தறியிலிருந்து வர வேண்டும் என்பது விதி. இந்த விதியைத் தீட்டியவர்கள் நம் ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் கைத்தறியும் எதிர் வீட்டில் விசைத்தறியும் ஓடுகிற ஊர் இது. அண்ணன் கைத்தறி, தம்பி விசைத்தறி என்றால் அண்ணன் வீட்டுக்குக் காப்பீடு உண்டு, தம்பி வீட்டுக்கு இல்லை. வயதான தாய் தகப்பன் இருவர் கணக்கிலும் சேர மாட்டார்கள். ஆஸ்பத்திரி தேவைப்படுவது அவர்களுக்குத்தான் அதிகம்.

இத்தனை குறை இருந்தும் அந்தச் சிறிய திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 15,000 ரூபாயில் பாதி, அதாவது 7,500 ரூபாய், படுக்கையில் சேராமல் பார்க்கும் வெளிநோயாளர் செலவுக்கு. டாக்டர் பீஸ், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் வரும். தறியில் உட்காருகிறவருக்கு வருவது இடுப்புவலி, முழங்கால் வலி, கண் மங்கல். விசைத்தறிக் கொட்டகையில் நிற்கிறவருக்குக் காது மந்தம், பஞ்சுத் தூசியால் இருமல், காலில் நரம்பு புடைப்பு. இவற்றில் பெரும்பாலானவை அறுவைக்குப் போகிற நோய்கள் இல்லை. கூலியை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய்கள். அது தெரிந்த யாரோ ஒருவர் டில்லியில் அந்த 7,500 ரூபாயைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பின்னால் வந்த லட்சக் கணக்கான திட்டங்களில் அந்தப் பிரிவு இல்லை. 2014-இல் நெசவாளர் காப்பீடு மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா என்ற உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது; அதற்குப் பின் நம் பக்கத்தில் அதைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

அடுத்த அத்தியாயம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போன திருத்தணி வட்டாரம், மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லையை வரையறுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றன. நிலம் பிரிந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை; அங்கேயும் தறிதான் தொழில். 2007 ஏப்ரல் 1 அன்று ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தை மூன்று மாவட்டங்களில் தொடங்கினார். 2008-க்குள் அது மாநிலம் முழுவதும் பரவியது. வெள்ளை ரேஷன் அட்டை இருந்தால் போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், தேவைப்பட்டால் மேலும் 50,000 ரூபாய். இதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகம் என்று தனியார் மருத்துவமனையிலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நகரிச் சம்பந்தி வீட்டில் ஒருவருக்கு இதய அறுவை இலவசமாக நடந்தது என்றால், அதே நோய்க்கு இந்தப் பக்கத்து வீடு கடன் வாங்கிக்கொண்டிருந்தது. வடக்கெல்லைக்காகச் சிறை சென்றவர்களின் ஊரில், "அந்தப் பக்கமே இருந்திருக்கலாமோ" என்று வேடிக்கையாகச் சிலர் பேசியதும் அப்போதுதான்.

எல்லையின் ஒரு பக்கம் காப்பீடு இருந்து மறுபக்கம் இல்லாத இதே கதை அமெரிக்காவிலும் நடக்கிறது. அங்கே ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற காப்பீடு 1965-இல் வந்தது. ஒபாமா காலத்துச் சட்டம் 2010-இல் அதை விரிவாக்கியது. விரிவாக்கத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம் என்று 2012-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லூசியானா 2016-இல் ஏற்றுக்கொண்டது. பக்கத்து டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறேன் என்ற பிறகும் இந்த நிலை. எல்லையைத் தாண்டினால் அட்டை உண்டு, தாண்டாவிட்டால் இல்லை என்ற நிலைமை நகரிச் சாலையில் போகிறவர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீக்குத் தமிழ்நாடு இரண்டே ஆண்டில் பதில் கொடுத்தது. 2009 ஜூலை 23 அன்று முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி தொடங்கிய உயிர்காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் நாம் கலைஞர் காப்பீடு என்கிறோம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களும் 26 நலவாரியங்களின் உறுப்பினர்களும் சேர்க்கப்பட்டார்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நலவாரியங்கள் இருந்ததால் அண்ணன், தம்பி இரு வீட்டுக்கும் ஒரே அட்டை வந்தது. நம் ஊரைப் பொறுத்தவரை இதுதான் பெரிய மாற்றம். ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 469 ரூபாய் அரசே கட்டியது. முகாம் போட்டு, குடும்பத்தையே வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்து, விரல் ரேகை வாங்கி அட்டை கொடுத்தார்கள். ஆனால் ஒரு லட்சம் ரூபாய் என்பது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு. தகப்பனுக்கு இதய அறுவை நடந்துவிட்டால் அதே வீட்டில் அடுத்தவருக்கு நோய் வரக்கூடாது. ஆரோக்கியஸ்ரீயைப் பார்த்துப் போட்ட திட்டத்தில் இந்த இடத்தில் மட்டும் கை ஏன் இறுகியது என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

2011-இல் ஆட்சி மாறியதும் திட்டமும் மாறியது. முதல்வர் ஜெ. ஜெயலலிதா 2012 ஜனவரி 11 அன்று தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆயிற்று. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதிலாகப் பொதுத்துறை யுனைடெட் இந்தியா வந்தது. குடும்பத்துக்குக் கட்டணம் 497 ரூபாய். 1,016 சிகிச்சைகள் பட்டியலில் இடம்பெற்றன. அரசு மருத்துவமனைகளும் இந்தக் காப்பீட்டில் சிகிச்சை செய்து பணம் பெற்றுத் தம் வளர்ச்சிக்குச் செலவிடும் வழி வலுவானது. பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதியதில் அரசியல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் போட்டியில் யார் கொடுத்ததும் குறையவில்லை. ஒவ்வோர் ஆட்சியும் முந்தைய ஆட்சியைவிட ஒரு படி மேலே வைத்தே தொடங்கியது. பெயர்ப்பலகைச் சண்டையால் ஏழைக்கு லாபம் கிடைத்த அபூர்வங்களில் இது ஒன்று.

2017-இல் கட்டணம் 699 ரூபாயாகி, சில சிகிச்சைகளுக்கு வரம்பு இரண்டு லட்சம் ஆயிற்று. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் நரேந்திர மோடி ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாடு தன் திட்டத்தை விட்டுவிடாமல் அதையும் இதையும் சேர்த்து ஒன்றாக நடத்தியது. வரம்பு ஐந்து லட்சம் ஆனது. 2022 ஜனவரியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது கட்டணம் 849 ரூபாய். நம் ஊருக்கு அதைவிட முக்கியமான மாற்றம், வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

அந்த 72,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதம் 6,000 ரூபாய். 2009-இல் போட்ட கோடு பன்னிரண்டு ஆண்டுகள் அசையவே இல்லை. அரிசி விலை ஏறியது, நூல் விலை ஏறியது, கூலியும் ஓரளவு ஏறியது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்தால், வறுமை தீராமலே கோட்டைத் தாண்டிவிடுவார்கள். நெசவுக் கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. தீபாவளிக்கு முன் ஒரு கணக்கு, ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றால் வேறு கணக்கு. இதையெல்லாம் வி.ஏ.ஓ. ஒரு சான்றில் ஓர் எண்ணாக எழுத வேண்டும். பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேயே எழுதினார்கள். அதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தவறு அசையாமல் நின்ற கோட்டில்தான். இப்போதைய 1,20,000 என்பது மாதம் 10,000. அதையும் பன்னிரண்டு ஆண்டு அப்படியே வைத்திருந்தால் நிலைமை மறுபடி அதேதான்.

வருமானம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வரம்பு இல்லை. நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் அத்தகைய முகாம் இருக்கிறது. 2021 மே 7 அன்று பதவியேற்ற நாளிலேயே ஸ்டாலின் கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் ஒன்று, தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைச் செலவை இந்தக் காப்பீட்டில் ஏற்பது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' இன்னும் ஒரு படி போனது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை. அட்டையும் வேண்டாம், எந்த மாநிலம் என்றும் கேட்க மாட்டார்கள். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் சாலையில் ஓடும் வண்டிகளில் எத்தனை ஆந்திரப் பதிவெண் என்று பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

மற்ற நேரங்களில் எல்லை எல்லையாகவே இருக்கிறது. நகரிக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயரை இங்கே குடும்ப அட்டையிலிருந்து நீக்கி அங்கே சேர்த்துவிடுவார்கள். அதோடு காப்பீடும் அந்தப் பக்கம் போய்விடும். தாய்வீட்டுக்கு வந்திருக்கும்போது உடம்புக்கு வந்தால், "கார்டு இங்க செல்லுமாம்மா?" என்ற கேள்வியோடுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவாள். ஆயுஷ்மான் பாரத் அட்டை எந்த மாநிலத்திலும் செல்லும் என்பது விதி. மாநிலங்களின் சொந்தத் திட்டங்களுக்கு அந்தப் பொதுவிதி கிடையாது. ஆந்திரம் 2023 டிசம்பரில் தன் வரம்பை 25 லட்சமாக உயர்த்தியபோது நம் ஊர் டீக்கடைகளில் பழைய ஒப்பீடு மறுபடி தொடங்கியது. என் எண்ணத்தில் 25 லட்சம், ஐந்து லட்சம் என்பதெல்லாம் மேடைக்கு அழகான எண்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த உச்சம் ஒருபோதும் தேவைப்படாது. பட்டியலில் எந்த நோய் இருக்கிறது, பக்கத்தில் எந்த மருத்துவமனை அட்டையை ஏற்கிறது என்பவை அதைவிட முக்கியம். திருவள்ளூரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது இந்த ஐந்து லட்சத்துக்குக் குறைந்த லாபமல்ல.

எந்தப் பட்டியலிலும் சேராத ஒன்றையும் குறிப்பிடாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கை கால் முறிந்தால் நாம் முதலில் போவது புத்தூர் கட்டுக்கு. ஆரோக்கியஸ்ரீக்கும் கலைஞர் காப்பீட்டுக்கும் முன்பிருந்தே எல்லை தாண்டி நாம் நம்பிப் போன சிகிச்சை அது. எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பிளேட் வைக்க வேண்டும் என்று சொன்ன பிறகும் பஸ் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிக்கலான முறிவுக்கு அப்படிப் போவது ஆபத்து என்று படித்த பிள்ளைகள் சொல்வதும் உண்மைதான்.

நெசவாளர் காப்பீட்டின் 7,500 ரூபாய் பார்த்துக்கொண்ட மாத்திரைச் செலவு பின்னால் என்ன ஆயிற்று? இரண்டு லட்சமாகவும் ஐந்து லட்சமாகவும் வளர்ந்த காப்பீடு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் ஆகும் செலவைத் தொடவில்லை. தாய்லாந்து 2001-இல் தொடங்கிய 30 பாட் திட்டம் வெளிநோயாளர் சிகிச்சையையும் சேர்த்தே கொடுத்தது. நம் மாநிலம் அந்த வேலையைக் காப்பீட்டிடம் விடாமல் அரசு மருத்துவமனையிடமே வைத்துக்கொண்டது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதால் அங்கே மாத்திரை இலவசம். சிக்கல், அதை வாங்கப் போகும் நாளில் தறி நிற்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தச் சிக்கலைப் பார்த்துப் போட்ட திட்டம். பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வருமானச் சான்று கேட்பதில்லை, கைத்தறியா விசைத்தறியா என்றும் கேட்பதில்லை. விசைத்தறிக் கொட்டகையில் காது மந்தமானவருக்கு மட்டும் இன்னும் வீட்டுப் படிக்கு எதுவும் வரவில்லை. நலவாரியம் வழியாக ஆண்டுக்கு ஒருமுறை காதும் நுரையீரலும் பரிசோதிக்கும் முகாமை நம் ஊரிலேயே நடத்தக் கேட்கலாம் என்பது என் யோசனை. அதற்கு ஐந்து லட்சம் தேவையில்லை. அந்தப் பழைய 7,500 ரூபாயில் ஒரு பங்கே போதும்.