புறாவில் பேர் வாங்கிய ஹார்மோன்

இந்த எபிசோடில் புரோலாக்டின் பற்றிப் பேசப்போறேன். கர்ப்பத்தில் மார்பகச் சுரப்பிகளை வளர்த்து, பிறகு பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இது.

1928இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் ரெண்டு பேரும் பிட்யூட்டரிச் சாற்றை முயல்களுக்குச் செலுத்தினாங்க, பால் சுரந்தது. அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழு புறாவை எடுத்துக்கிட்டது. ஆண் புறா, பெண் புறா ரெண்டுமே தீனிப்பையில் ஒரு வகைப் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். அதைத் தூண்டும் பொருளுக்கு 1930களின் தொடக்கத்தில் அவங்க வைத்த பேர்தான் புரோலாக்டின்.

மனுஷங்ககிட்ட இது தனியா இருக்கான்னே ரொம்ப நாள் சந்தேகம். ஏன்னா, மனித வளர்ச்சி ஹார்மோனும் பால் சுரப்பைத் தூண்டும். 1970 வாக்கில்தான் ஹென்றி ஃப்ரீசன் உள்ளிட்டோர் ரெண்டையும் பிரிச்சுக் காட்டினாங்க.

அடுத்து புற்றுநோய். புரோலாக்டினைக் குறைத்தால் எலிகளின் மார்பகக் கட்டி சுருங்கியது. அந்த நம்பிக்கையில் நோயாளிப் பெண்களுக்கு புரோமோகிரிப்டின் கொடுத்தாங்க. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தது, கட்டி அசையலை. பலர் ஃபைலை மூடிட்டாங்க.

1990களில் மார்பகத் திசுவே சொந்தமா புரோலாக்டின் தயாரிக்குதுன்னு தெரிந்தது. அந்த மாத்திரை பிட்யூட்டரியைத்தான் அடக்கும். ஆனா பின்னாடி வந்த, ஏற்பியையே அடைக்கும் எதிர்பொருள் மருந்தும் முதற்கட்டச் சோதனையில் கட்டியைச் சுருக்கலை. வழக்கு இன்னும் முடியலை.

தாய்மார்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பால் கொடுப்பது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கத்தான் செய்யுது. ஒரே ஹார்மோன்தான்; எங்கே, எப்போ சுரக்குது என்பதில்தான் விஷயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.