பற்றவைப்பு நேரம்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் தீப்பொறி விழும் தருணம் பற்றவைப்பு நேரம் எனப்படும். கிராங்க் தண்டு சுழலும் கோணத்தைக் கொண்டு இதை அளப்பர். கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தண்டு 18 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் ஏற ஏறப் பொறியும் முந்த வேண்டும். மிகவும் முந்தினால் ‘நாக்கிங்’ எனும் தட்டல் ஓசை எழும்; பிந்தினால் இழுவை குறைந்து எஞ்சின் சூடேறும்.

தொடக்க காலம்

மதுரை வட்டாரத்தில் மோட்டார் போக்குவரத்து டி. வி. சுந்தரம் அய்யங்காரின் பேருந்துகளோடு வேரூன்றியது. தொடக்க ஆண்டை 1911 என்றும் 1912 என்றும் இருவிதமாகக் குறிப்பர். அக்கால வண்டிகள் பலவற்றில் பொறியை முன்பின் நகர்த்த ஸ்டீயரிங் அருகே ஒரு நெம்புகோல் இருந்தது. அதைக் கொண்டு பொறியைப் பிந்தவைக்காமல், எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றினால், எஞ்சின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடக்கூடும்.

போர்க்காலக் கரிவாயு

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு உலைகளை வடிவமைத்துத் தயாரித்தது. வண்டியில் பொருத்திய உலையில் அடுப்புக்கரி குறைந்த காற்றில் கனன்று, கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கொண்ட வாயுவைத் தரும். அதில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜன். வாயுவைக் குளிர்வித்துச் சாம்பல் நீக்கியே எஞ்சினுக்குள் விடுவர். பெட்ரோலைவிட இது மெல்ல எரியும். எனவே பொறியைப் பொதுவாக 10 முதல் 15 பாகை வரை கூடுதலாக முந்தவைக்க வேண்டும். அப்படிச் செய்தும் எஞ்சினின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கோ, சிலர் கணக்கில் பாதியோ குறையும். பெட்ரோலில் கிளப்பிப் பின்னர் வாயுவுக்கு மாற்றும் வண்டிகளில் ஒரே நிலை இரண்டுக்கும் ஒத்துவராது. எஞ்சினின் ஓசையைக் கேட்டே சரியான நிலையைக் கண்டுகொள்ளும் ஓட்டுநரின் காதுக்கு அன்று தனி மதிப்பு உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டர் காலம்

பேருந்துகள் பொறி தேவைப்படாத டீசலுக்கு மாறியபின் இக்கலை கார் பட்டறைகளில் நிலைத்தது. 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., சென்னை பாடியில், பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர்களைத் தயாரித்தது. அவற்றினுள் இருந்த சுழல் எடைகள் வேகத்துக்கேற்பவும், வெற்றிடச் சவ்வு சுமைக்கேற்பவும் பொறியை நகர்த்தின. அம்பாசடர் காரில் மெக்கானிக் முதலில், மின்தொடர்பை முறிக்கும் ‘பாயிண்ட்’ இடைவெளியைச் சரிசெய்து, பின்பு டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பி டைமிங் வைப்பார். இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

மின்னணுக் காலம்

2000ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகியதும் கார்ப்பரேட்டர் கார்கள் மறையத் தொடங்கின. அவற்றுக்குப் பதில் வந்த கார்களில் பொறியின் நேரத்தைக் கணினி கணித்தது. பெட்ரோலிலிருந்து, மெல்ல எரியும் சி.என்.ஜி.க்கு மாறும்போதும் இன்று அதுவே பொறியை முந்தவைக்கிறது.