ஆம்பூர்த் தோலும் வீட்டு நாயும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் ஒரு முற்பகலைக் கழித்தவர்களுக்கு உண்ணியிடம் அச்சம் கலந்த மரியாதை ஏற்பட்டுவிடும். எனக்கு ஏற்பட்டது. (வாசனையைப் பற்றி எழுதப் போவதில்லை; அது தானே வந்து சேரும்.) ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் மயிரோடு வந்து இறங்கும்போது எல்லாம் யோக்கியமாகத்தான் தோன்றுகின்றன. சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, வெளுத்த பிறகுதான் அவற்றின் ஜாதகம் தெரிகிறது. முள் கீறியது ஒரு கோடு. சூடு போட்டது ஒரு தழும்பு. உண்ணி கடித்த இடமோ ஊசியால் குத்தினாற்போல் சின்னஞ்சிறு குழி. ஒன்றிரண்டல்ல, கொத்துக் கொத்தாக. மாடும் போய், உண்ணியும் போய், குழி மட்டும் நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் குழியைப் பற்றி இங்கே இவ்வளவு கவலை இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் ஏற்றி, ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். சாயமும் மெருகும் அங்குள்ளவர்கள் பாடு. 1972-ல் சீதாராமையா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து முழுச் சரக்காக அனுப்ப வேண்டும் என்றது. அரசாங்கமும் கட்டுப்பாடு போட்டது. அப்புறம் மெருகேற்றும் வேலையும், ஷூ தைக்கும் வேலையும் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தன. குழியை மறைக்கும் வேலையும் கூடவே வந்தது. மேற்பரப்பைத் தேய்த்து, சாயத்தைக் கெட்டியாகப் பூசினால் குழி மறையும்; விலையும் இறங்கும். மயிருக்குள் ஒளிந்திருக்கும் குறையை வாங்கும்போது யார் கண்டார்கள்? வியாபாரி எல்லாத் தோலுக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்பான். தினம் ஆட்டை மடியில் போட்டு உண்ணி பொறுக்கிய கிழவியும், அடுத்த வீட்டுக்காரனின் அலட்சியத்துக்கு வட்டி கட்டுகிறாள்.

நம் வீட்டு நாயின் தோலை யாரும் சுண்ணாம்பில் போட்டுப் பார்ப்பதில்லை. அதற்கு நேர்ந்த சேதம் நமக்குத் தெரியாமலே போகிறது. மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் வேறு வேறு ஜாதிதான், தொழில் ஒன்று. உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை, வியாதியையும் சுமக்கிறது என்பதை 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளிடத்தில் நிரூபித்தார்கள். ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் காண்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்!

நாயின் கதையில் நம் கிண்டிக்குப் பங்கு உண்டு. அங்குள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய கிறிஸ்டோபர்ஸ், நாயின் இரத்தத்தில் வளரும் ஒரு நுண்ணுயிர் உண்ணியின் உடலுக்குள் என்ன ஆகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து 1907-ல் எழுதினார். 1910-ல் பேட்டன் என்ற டாக்டர், சென்னையில் வெள்ளைக்காரர்கள் வளர்த்த வேட்டை நாய்களின் இரத்தத்தில் இன்னொரு புதிய கிருமியைக் கண்டார். அதற்கு ‘கிப்சோனி’ என்று பெயர் வைத்தார்; இன்றும் அதே பெயர்தான். இங்கிலாந்தில் நரியைத் துரத்திய பழக்கத்தில் இங்கே குள்ளநரியைத் துரத்தியவர்கள் அவர்கள். குள்ளநரியின் இரத்தத்திலும் அதே கிருமி இருந்தது! துரத்திய நாயையும் ஓடிய நரியையும் ஒரு சிறு உண்ணி உறவாக்கி வைத்திருந்தது. இந்த நோய் கண்ட நாய்க்குக் காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், சோற்றைத் திரும்பிப் பாராது. ‘வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வெயிலுக்குப் பேர் போன வேலூரில் இந்தச் சமாதானம் இன்னும் சுலபம்.

மனிதனும் தப்பவில்லை. உண்ணி கடித்தபின் வந்த ஒரு காய்ச்சலைப் பற்றி 1917-ல் மெகா என்ற டாக்டர் குமாவோன் மலைப் பக்கத்திலிருந்து எழுதினார். உடம்பில் சிவந்த புள்ளிகள் போடும் அந்த வகைக் காய்ச்சலை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்த நூற்றாண்டிலும் நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள்.

நாயைக் குளிப்பாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. நாய் உண்ணியின் சொந்த வீடு நாய் அல்ல, நம் சுவர். இரத்தம் குடித்துக் கொட்டைப்பாக்கு நிறத்தில் உப்பிய பெண் உண்ணி, கீழே விழுந்து, சுவரேறி, விரிசலுக்குள் சில ஆயிரம் முட்டைகளை இட்டுச் சாகிறது. குஞ்சுகள் மூன்று பருவம் கடக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறைதான் நாயிடம் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் விரிசலில் வாசம். பல மாதப் பட்டினியையும் தாங்கும். தெள்ளுப்பூச்சியும் இப்படித்தான், அதன் முட்டைகள் நாயின் படுக்கையில் உதிர்ந்து கிடக்கின்றன.

இதற்கு நம் வீடுகளில் வேப்பெண்ணெயும் வசம்பும் இருந்தன. பிறகு கமாக்ஸின் பொடி வந்தது. நாய், மாடு, மெத்தை என்று பேதமில்லாமல் தூவினோம். எளிதில் அழியாத அந்த நஞ்சை 1997-ல் இந்தியாவில் தடை செய்தார்கள். இன்று நாய்க்கு மாத்திரையே உண்டு. கடித்த உண்ணி இரத்தத்தோடு மருந்தையும் குடித்துச் சாகிறது. கால்நடை டாக்டர் எடை பார்த்துச் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை மிச்சமிருக்கிறதே என்று பூனைக்குத் தடவினால், பூனை நடுக்கம் கண்டு செத்தே போகலாம்.

மருந்து நாய்க்கு, சுவருக்கு யார்? விரிசலை அடைத்து வெள்ளையடிக்க வேண்டும். படுக்கைச் சாக்கைக் கொதிநீரில் போட வேண்டும். மாலையில் விரலிடுக்கு, காதுமடல், கழுத்துப் பட்டையின் அடி என்று தடவிப் பார்த்து, அகப்பட்டதைச் சிமிட்டாவால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. அதன் வயிற்றில் இருப்பது நாயின் இரத்தம் மட்டுமல்ல.